பதின்மூன்றாம் படிக்கட்டு

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஒரு விபத்துச் செய்தி வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளோ? ஆண்டவரே இப்படிக் கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கால்பந்து ஆட்டம் நினைவுக்கு வரும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இரண்டு கழகங்கள். ஒன்று ரேஞ்சர்ஸ், அதன் பின்னால் புரொட்டஸ்டண்ட் மக்கள் திரண்டார்கள். மற்றொன்று செல்டிக். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கரின் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்ட, 1887இல் மாரிஸ்ட் சபைத் துறவி சகோதரர் வால்ஃப்ரிட் தொடங்கியது அது. பசித்த வயிற்றுக்காகப் பிறந்த கழகமும் பகையில் சிக்கிக்கொண்டது. மூர்க்கம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததில்லை. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை.

1971 ஜனவரி 2. ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் சுமார் 80,000 பேர். ஆட்டம் முடியும் தறுவாய்வரை கோல் இல்லை. 89ஆவது நிமிடம் செல்டிக் வீரர் ஜிம்மி ஜான்ஸ்டன் அடித்தார். கடைசி நொடிகளில் ரேஞ்சர்ஸின் காலின் ஸ்டைன் பதிலுக்கு அடித்தார். ஒன்றுக்கு ஒன்று. அதன்பின் கூட்டம் வெளியேறியது. 13ஆம் எண் படிக்கட்டில் யாரோ இடறி விழ, மேலிருந்து இறங்கியவர்களால் நிற்க முடியவில்லை. 66 பேர் மிதிபட்டும் மூச்சுத் திணறியும் இறந்தார்கள். ஃபைஃப் பகுதியின் மார்க்கிஞ்ச் என்னும் சிற்றூரிலிருந்து சேர்ந்து வந்த ஐந்து சிறுவர்களில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை.

உடனே ஒரு கதை பரவியது. செல்டிக் கோல் அடித்ததும் மனமுடைந்து கிளம்பியவர்கள், ஸ்டைனின் கோலுக்கு எழுந்த ஆரவாரம் கேட்டுத் திரும்பி ஓடினார்களாம்; அந்த மோதலில்தான் செத்தார்களாம். விசாரணை இதை ஏற்கவில்லை. எல்லாரும் ஒரே திசையில், கீழ்நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்தக் கதை நெடுங்காலம் உயிரோடு இருந்தது. ஏன் தெரியுமா? அது வசதியான கதை. செத்தவனின் ஆவலே அவனைக் கொன்றது என்று சொல்லிவிட்டால், படிக்கட்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தப் படிக்கட்டோ முன்பே பேசியிருந்தது. 1961இல் அங்கே இருவர் இறந்தார்கள். 1967இலும் 1969இலும் பலர் காயமடைந்தார்கள். 1974இல் நீதிமன்றம் கழகத்தின் மீதே குற்றம் கண்டது. விளையாட்டு மைதானப் பாதுகாப்புக்கென்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1975இல்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தால் 'என்ன பாவம் செய்தார்களோ' என்று நாம் முணுமுணுக்கிறோமே, அதுவும் இதே கதைதான், நேயர்களே. இறந்தவர் மேல் பழி போட்டால் நமக்கு வேலை மிச்சம். சீலோவாமைச் சொன்ன ஆண்டவரோ அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமே திருப்பினார்: நீங்கள் மனம் மாறுங்கள் என்றார்.

அதே ஜனவரி 27இல் ஹாம்ப்டன் பார்க்கில், இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவ ஓர் ஆட்டம் நடந்தது. ரேஞ்சர்ஸ் வீரர்களும் செல்டிக் வீரர்களும் ஒரே அணியாக, ஸ்காட்லாந்து அணிக்கு எதிராக ஆடினார்கள். தோற்றார்கள், அதை யார் பொருட்படுத்தினார்கள்? பகை அன்றோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். மோ ஜான்ஸ்டன் என்ற பெயர்பெற்ற கத்தோலிக்க வீரரை ரேஞ்சர்ஸ் வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ள 1989வரை ஆயிற்று. அதற்கும் இரு பக்கமும் கொதித்தார்கள்.

2001இல், முப்பதாம் ஆண்டு நினைவு நாளில், ஐப்ராக்ஸில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். அதில் 66 பேரின் பெயர்கள் உண்டு. 1961இல் அதே படிக்கட்டில் இறந்த அந்த இருவரின் பெயர்களையும் சேர்த்திருக்கிறார்கள், நாற்பது ஆண்டுகள் கழித்து.