கருத்தடை வசதியும் நம் மகளிரும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இப்பொருள் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மகப்பேற்றைக் கட்டுப்படுத்தும் வசதிகளை அரசே செய்துதர வேண்டுமென்று அண்ணல் அம்பேத்கர் எழுதிய உரை, 1938ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ரோகம் அவர்களால் படிக்கப்பெற்றது. ஆதரவு 11, எதிர்ப்பு 52. தீர்மானம் தோற்றது. எனினும் இது நமக்குப் புதிய பேச்சன்று.

1968இல் அரசு, தேயிலையும் சோப்பும் விற்ற தனியார் நிறுவனங்களின் வழியே நிரோத் உறையைப் பெட்டிக்கடை வரை கொண்டுசேர்த்தது. மூன்று உறை 15 காசு! தனியாராலும் நன்மை விளையும் என்பதற்கு அது சான்று. ஆனால், அது ஆடவர் மனம் வைத்தால் பயன்படும் பொருள். பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

மூன்று திங்களுக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி, 1990களிலேயே தனியார் மருத்துவரிடம் விலைக்குக் கிடைத்தது. ‘அந்தரா’ என்னும் பெயரில் அரசு அதனை இலவசமாக்கியது 2017இல்தான். காசுள்ள வீட்டுப் பெண்ணுக்கும் தறிவேலைக்கும் கழனிவேலைக்கும் செல்லும் நம் பெண்ணுக்கும் இடையே ஏறத்தாழக் கால் நூற்றாண்டு! அதுவரை நம்மவளுக்குப் பெரும்பாலும் காட்டப்பட்டது அறுவை மேசையே.

அவசர கருத்தடை மாத்திரையை எழுபத்திரண்டு மணி நேரத்திற்குள் உட்கொள்ள வேண்டும். மருத்துவரின் சீட்டின்றியே விற்கலாம் என்பது விதி. ஆயினும், தமிழ்நாட்டின் பெரும்பாலான மருந்துக் கடைகள் பல்லாண்டுகளாக அதனை வைப்பதில்லை. விதி திறந்த கதவைக் கடை அடைத்துவிட்டது. அரசு மருத்துவமனைக்குச் சென்றாலோ ஒரு நாள் கூலி போகும். தனியாரிடம் சென்றால் வட்டிக்கு வாங்க நேரும்.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆடவர் அறுவையோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! ஆடவர் அறுவை எளிது; வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை. 2014இல் பிலாஸ்பூர் அறுவை முகாம்களில் 13 பெண்கள் மாண்டனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

இளைஞர்களே, உங்கள் துணைவியர்க்கு ஊசியும் காப்பர்-டியும் மாத்திரையும் இன்னவை என்று எவரேனும் விளக்கியதுண்டா? வரும் ஞாயிறன்று நம் படிப்பகத்திற்குச் செவிலியர் ஒருவரை அழைத்திருக்கின்றோம். முற்பகல் மகளிர்க்கு; பிற்பகல் ஆடவர்க்கு. பிற்பகல் நாற்காலிகள் காலியாக இருக்குமோ என்பதே எம் கவலை.