ஒரே திருப்பாடலில் சிங்கமும் நத்தையும்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளோடு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போகிறோம். சிங்கம் இருக்கும் இடத்தில் கூட்டம் நகராது. ஐப்பசி மழையில் நம் வீட்டுச் சுவரில் நத்தை ஊர்ந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. உப்பைத் தேடி ஓடுகிறோம். (தோட்டத்தை அழிக்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைப் பொறுக்கி அகற்றத்தான் வேண்டும், கையுறையோடு.)

இந்த இரண்டும் ஒரே மன்றாட்டில் வருகின்றன. திருப்பாடல் 58ஐ எடுத்துப் பாருங்கள். நீதியைப் புரட்டும் ஆட்சியாளர்களால் நொந்த ஒருவர், 6ஆம் வசனத்தில் அந்தச் சிங்கங்களின் பற்களை நொறுக்கும்படி கடவுளைக் கேட்கிறார். 8ஆம் வசனத்தில் அவர்கள் நத்தையாய்க் கரையட்டும் என்கிறார். கடுமையான சொற்கள்தாம். குருக்களும் துறவியரும் நாள்தோறும் செபிக்கும் திருப்புகழ்மாலையை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் சீரமைத்தபோது, 58, 83, 109 ஆகிய மூன்று பாடல்களும் சாபச் சொற்களுக்காக விடப்பட்டன. ஆனால் விவிலியத்தில் அவை அப்படியே இருக்கின்றன. ஏமாற்றப்பட்டவருக்கும் கடவுளிடம் பேச ஒரு மொழி வேண்டுமே!

சிங்கத்துக்கு 30 பற்கள். நத்தையின் நாக்கிலோ ஆயிரக்கணக்கான நுண்பற்கள். அவற்றால்தான் சுவரின் சுண்ணாம்பைக்கூடச் சுரண்டித் தின்கிறது. அது விட்டுச்செல்லும் ஈரத்தடத்தைப் பார்த்தால் கரைவதுபோல்தான் தோன்றும். உண்மையில், ஊர்வதற்காக அதுவே சுரக்கும் வழவழப்பு அது. கோடையில் ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உயிர்வாழும். வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கமோ 2021 ஜூன் 3 அன்று இறந்தது. அதற்குக் கொரோனா தொற்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமியிடம் அந்த 30 பற்களும் என்ன செய்யும்?

இந்தப் பாடலைப் படிக்கும்போது நாம் எப்போதும் நொந்தவர் பக்கமே நின்றுகொள்கிறோம். சிங்கம் என்றால் அமைச்சர், அதிகாரி, முதலாளி. ஆனால் சென்ற மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, நம் வீட்டு வேலைக்கு வரும் சகோதரியால் இரண்டு நாள் வர முடியவில்லை. மாதக் கடைசியில் அந்த இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டோம். கணக்கு சரிதான் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அன்றிரவு அவர் எப்படி மன்றாடியிருப்பார்? அந்த மன்றாட்டில் யாருடைய பற்கள்?

அவர் நாளைக் காலை வருவார். அந்த இரண்டு நாள் பணத்தை இன்றே எண்ணி எடுத்து வைப்போம்.