தலைக்காயமும் அக்குபங்சர் சிகிச்சையும்



தலையில் அடிபட்டவர்களுக்கும், விழுந்து உடல் நொந்தவர்களுக்கும் அக்குபங்சர் என்னும் ஊசிச் சிகிச்சை எந்த அளவிற்குத் துணை செய்யும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இச்சிகிச்சையின் பெயரைக் கேளாத ஊர் இன்று குறைவு. “இதனால் தீராத நோயே இல்லை, மருந்தையெல்லாம் தூக்கி எறியுங்கள்” என்று சொல்வாரும் உண்டு, “எல்லாம் வெறும் ஏமாற்று” என்று தள்ளுவாரும் உண்டு. இரு சாராரும் உண்மைக்குத் தொலைவில் நிற்கிறார்கள் என்பது நம் கருத்து.

கிராமத்தில் தலைக்காயம் எப்படி நேருகிறது என்பது நமக்குத் தெரியும். தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து போய்த் தூக்கி எறியப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பக்கமாக அமர்ந்து, சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கி விழும் பெண்கள் இருக்கிறார்கள். தலைக்கவசத்தை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் புறப்படும் இளைஞர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யாரோ இரவோடு இரவாகப் போட்டு, வெள்ளைக் கோடும் அடிக்காமல் விட்ட வேகத்தடையும் இக்கணக்கில் சேரும். அதைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசுவோம்.

அடிபட்ட முதல் சில மணி நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. அதனுள்ளே இரத்தக் குழாய் கிழிந்து இரத்தம் தேங்கினால், அது மூளையை நெருக்கத் தொடங்கும். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, “ஒன்றுமில்லை” என்று கூறி, காப்பியும் குடித்துவிட்டுத் திண்ணையில் படுப்பார். சில மணி நேரத்தில் நினைவு தப்பிவிடும். இப்படி நடப்பது உண்டு. முதியவர்களுக்கோ, சிறிய அடியானாலும் வாரங்கள் கழித்துக்கூட இந்த அபாயம் வெளிப்படலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களிடம் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, வரவரக் கூடும் தலைவலி, எழுப்பினாலும் எழாத உறக்கம், குழறிய பேச்சு, ஒரு பக்கத்துக் கை கால் தளர்தல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது நீர் வடிதல், இவற்றுள் ஒன்று கண்டாலும் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும். உள்ளே கட்டிய இரத்தத்தை அகற்றுவது அறுவை மருத்துவரின் வேலை. எந்த ஊரின் எந்த ஊசியும் அதைச் செய்யாது. அந்த நேரத்தில் ஊசி வைத்தியரைத் தேடிப் போனால் ஓர் உயிர் போகக்கூடும்.

நினைவிழந்தவர் வாயில் சோடா ஊற்றுவதும், வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதும், அடிபட்டவரை இருவருக்கு நடுவில் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து விரைவதும் நல்லெண்ணத்தால் செய்யப்படும் கெடுதல்கள். மரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருக்கலாம். தலையும் உடலும் ஒரே நேராக இருக்கும்படி பிடித்துப் பலகையில் கிடத்துவதே முறை. 108 என்ற எண்ணை அழைக்கப் பஞ்சாயத்துத் தலைவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாலை விபத்தில் உதவி செய்தவரைப் போலீசும் நீதிமன்றமும் அலைக்கழிக்குமோ என்ற பழைய அச்சமும் தேவையில்லை; 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நல்லெண்ணத்துடன் உதவியவருக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது.

இனி, சிகிச்சையின் கதைக்கு வருவோம். அக்குபங்சர் சீன நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் முறை. 1938-இல் போரால் துன்புற்ற சீனாவிற்கு நம் நாட்டிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சென்றார்கள். அவர்களுள் ஒருவரான சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ் அங்கேயே 1942-இல் உயிர் நீத்தார். மற்றொருவரான டாக்டர் விஜயகுமார் பாசு பின்னாளில் மறுபடியும் சீனா சென்று இக்கலையைக் கற்று, 1959-இல் கல்கத்தாவில் தொடங்கிவைத்தார். ஆகவே இந்திய மண்ணில் இது நேற்று வந்த புதுமையன்று.

மேல்நாட்டார் கவனம் இதன்மேல் திரும்பியது 1971-இல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங் நகரில் இருந்தபோது குடல்வால் அழற்சி கண்டது. ஊசி குத்தியே அவருக்கு அறுவை செய்தார்கள் என்று பலர் கதை சொல்வார்கள். நடந்தது அதுவன்று. வழக்கமான மரப்பு மருந்து கொடுத்து, அறுவை மருத்துவர்களே அறுத்தார்கள். அதன் பிறகு ஏற்பட்ட வயிற்று வலிக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள். கத்திக்குப் பிறகே ஊசி வந்தது என்பதை உறுப்பினர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஊசியில் மருந்து இல்லை; துளையும் இல்லை. கால் மில்லிமீட்டர் கனமே உள்ள திண்ணிய கம்பி. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, முழங்காலுக்குக் கீழே, உச்சந்தலையில் என்று குறித்த இடங்களில் குத்தி, இருபது அல்லது முப்பது நிமிடம் விட்டுவைப்பார்கள். உடலில் ஓடும் உயிராற்றலின் தடைகளை நீக்குவதாகச் சீன மரபு கூறும். இக்கால ஆராய்ச்சியாளர் வேறு விதமாகச் சொல்கிறார்கள்: குத்திய இடத்து நரம்பு தூண்டப்படுகிறது, அச்செய்தி முதுகுத் தண்டின் வழியே மூளைக்குச் செல்கிறது, உடம்பே சுரக்கும் வலி நீக்கிப் பொருள்கள் வெளிப்படுகின்றன.

பயன் எவ்வளவு? 1997-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய அறிஞர் குழு, அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு இது உதவுகிறது என்றும், தலைவலி, இடுப்பு வலி, பக்கவாதத்திற்குப் பின் செய்யும் பயிற்சி ஆகியவற்றில் துணைச் சிகிச்சையாகப் பயன்படலாம் என்றும் கூறியது. மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்னும் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மதிப்பீடுகளில், அடிக்கடி வரும் தலைவலியையும் ஒற்றைத் தலைவலியையும் இச்சிகிச்சை குறைக்கக்கூடும் என்று கண்டது. ஆனால் அடிபட்ட மூளையைப் பற்றி அதே அமைப்பு 2013-இல் ஆராய்ந்தபோது, நான்கே ஆராய்ச்சிகள், 294 நோயாளிகள் மட்டுமே கிடைத்தனர். அவற்றின் தரமும் உயர்ந்ததாக இல்லை. எனவே சிதைந்த மூளையை ஊசி ஆற்றிவிடும் என்று யாராவது உறுதி கூறினால், அவர் சான்றில்லாமல் பேசுகிறார் என்று பொருள்.

அப்படியானால் நோயாளிக்கு இதனால் என்ன பிரயோஜனம்? மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரைப் பாருங்கள். காயம் ஆறியிருக்கும், ஆனால் தலைவலி விடாது. இரவில் உறக்கம் இல்லை, வெயிலும் ஒலிபெருக்கியும் பொறுக்காது, சொன்னதை மறப்பார், தொட்டதற்கெல்லாம் சீறுவார். வீட்டார் சோம்பல் என்பார்கள். சிலர் பேய் பிடித்தது என்று கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். இவை மூளை குலுங்கியதன் விளைவுகளே. சிறு அடியானால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில், அல்லது மூன்று மாதங்களுக்குள் குறைந்துவிடும். அந்த இடைக்காலத்தில் தலைவலியும் கழுத்துப் பிடிப்பும் சற்றே தணிந்து, ஓரிரவு நன்றாக உறங்க முடிந்தாலும் அது பெரிய உதவியன்றோ? எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவருக்கும் அப்படியே. வலி குறைந்தால் தோளை உயர்த்தவும் முழங்காலை மடக்கவும் பயிற்சி செய்வார். அவரை மறுபடி வயலில் இறக்குவது அந்தப் பயிற்சிதான். ஊசி அதற்கு வழி திறந்து கொடுக்கலாம்.

சில எச்சரிக்கைகள் உண்டு. ஊசி புதியதாக, உறை பிரிக்காததாக, ஒருமுறைக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். மண்டையோடு உடைந்த இடத்திலும், அறுவையில் எலும்பு எடுக்கப்பட்ட இடத்திலும், ஆறாத புண்ணிலும் குத்தக் கூடாது. மார்பிலும் தோள்பட்டையிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபட்டு மூச்சுத் திணறும்; அரிது என்றாலும் நடப்பதே. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் கர்ப்பிணிகளும் அதை முன்னரே சொல்லிவிட வேண்டும். வலிப்பு வந்தவருக்கு ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறை ஏற்றதன்று.

எல்லாவற்றையும்விட நாம் அஞ்சுவது வேறொன்று. தலைக்காயத்திற்குப் பின் வலிப்பு மாத்திரை உண்பவரிடம், “இனி மாத்திரை வேண்டாம், உடம்பு தானே பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லும் வைத்தியர் இருக்கிறார். அம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு மூர்க்கமாகத் திரும்பும். கிணற்றடியிலும் அடுப்படியிலும் அது எதில் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் கையிடம் ஊசிக்கு உடம்பைக் கொடுக்காதீர்கள்.

யாரிடம் போவது? மத்திய அரசு 2019 பிப்ரவரியில் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதனால் பலகை மாட்டிய எல்லோரும் கற்றவர்கள் ஆகிவிடவில்லை. யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். அப்பட்டம் பெற்ற மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலும் பணிபுரிகிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். காயத்திற்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேட்டு, ஸ்கேன் படத்தையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அவற்றைப் பார்க்க மறுப்பவர் நமக்கு வேண்டாம்.

வாரம் ஒருமுறையோ இருமுறையோ போய் வரலாம். ஆறு அல்லது எட்டு முறைக்குள் வலியிலும் உறக்கத்திலும் மாறுதல் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். கறவை மாட்டை விற்றுத் தொடர வேண்டிய சிகிச்சை அன்று இது. அடிபட்டவர் குடும்பத்தில் நாற்று முற்றிக் கிடக்குமானால், உறுப்பினர்கள் நாலு பேரைச் சேர்த்து அந்த நடவை முடித்துக் கொடுக்கட்டும். அரைகுறையாகத் தேறியவரை மறுபடி மரம் ஏறவோ வண்டி ஓட்டவோ யாரும் அழைக்க வேண்டாம். மருத்துவர் சொல்லும் நாள் வரட்டும்.