கல்லும் செங்கல்லும்



இத்தாலி நாட்டிலே, ரோமாபுரி பேரரசாக ஓங்குவதற்கு முன்னர், எத்ருஸ்கர் என்னும் மக்கள் செல்வமும் கலையும் செழிக்க வாழ்ந்தனர். இறந்தோர்க்குப் பாறையைக் குடைந்து கல்லறை அமைத்த அவர்கள், தாம் வாழும் மனைகளை மண்ணாலும் மரத்தாலுமே கட்டினர். கி.மு. 396இல் வெயி என்னும் அவர்தம் நகரம் ரோமர் வசமாயிற்று. பிற நகரங்களும் பின்னர் வீழ்ந்தன. இன்று கல்லறைகளைக் கொண்டே அவர்களை நாம் பெரிதும் அறிகிறோம். நிலைத்த பொருளை மட்டும் நோக்கின் பாதி வரலாறே கிட்டும் என்பதற்கு நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. அதனைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

2007ஆம் ஆண்டில் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டத்தில், ஜயங்கொண்டத்திற்கு அருகே உள்ளது கங்கைகொண்ட சோழபுரம். வடநாட்டு வெற்றிக்குப் பின், ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில், முதலாம் இராசேந்திரன் அமைத்த தலைநகர் அது. வெற்றியின் நினைவாகக் கல்தூண் நாட்டுவதோடு அமையாமல், சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான் அவ்வேந்தன். திருவாலங்காட்டுச் செப்பேடு அவ்வேரியை நீராலான வெற்றித்தூண் என்றே போற்றுகிறது. ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள விமானத்தோடு சிவபெருமானுக்குக் கற்றளியும் எழுந்தது. ஆனால் அரசன் வாழ்ந்த மாளிகையோ செங்கல்லால் ஆனது.

சுமார் இரண்டரை நூற்றாண்டு அந்நகரிலிருந்து சோழர் ஆண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பாண்டியர் வலிமை பெற்றனர். 1231இல் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னனையே சிறைப்பிடித்தான். போசளர் தலையிட்டு மீட்க வேண்டியதாயிற்று. பிறர் துணையால் நிற்கும் அரசு எத்துணைக் காலம் நிற்கும்? 1279இல் மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிவுற்றது. அரசு நீங்கவே நகரமும் தேய்ந்தது.

எஞ்சிய கல்லுக்கும் இடர் நேர்ந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயிலின் திருமதிற் கற்களைப் பெயர்த்துக்கொண்டு சென்றனர். ஊரார் தடுத்தனர், தண்டனையே பெற்றனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்புவதாகத் தந்த வாக்கும் நிறைவேறவில்லை என்று 1855ஆம் ஆண்டுக் குறிப்பொன்று வருந்துகிறது. அணையால் உழவர்க்குப் பயன் விளைந்தது உண்மையே. ஆயினும் அதன் விலையில் ஒரு பகுதியை இம்மதில் செலுத்தியது என்பதையும் மறத்தல் ஆகாது.

எனினும் நாம் எத்ருஸ்கரினும் பேறு பெற்றோம். அவர்தம் எழுத்தை வாய்விட்டுப் படிக்கலாம். பொருளோ பெரும்பகுதி விளங்குவதில்லை. நமக்கு ஊர்ப்பெயர்களே நகரத்தின் வரைபடம். உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்னும் பெயர்களுக்கு உரை வேண்டுமோ? அரண், அரண்மனை, படைக்கலக் கொட்டில், காவலர் குடியிருப்பு, கட்டடத்திற்குச் சுண்ணாம்பு ஆக்கிய இடம் ஆகியவற்றை அவை இன்றும் சுட்டுகின்றன. மாளிகைமேட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது செங்கற் சுவர்களும் சீனப் பீங்கான் ஓடுகளும் வெளிப்பட்டன. பெயர் சொன்னது பொய்யன்று என மண்ணே சான்று பகர்ந்தது.

கோயிலை உலக மரபுச் சின்னமாக 2004இல் யுனெஸ்கோ ஏற்றது. விமானத்தைக் காக்க அரசும் அறிஞரும் உளர். செங்கல் துண்டையும் சிற்றூர்ப் பெயரையும் காக்க வேண்டியவர் யார்? அந்நிலத்தை உழுபவரும் அப்பெயரை நாள்தோறும் வழங்குபவருமே அல்லரோ! ஏர்முனையில் ஒரு பழஞ்செங்கல் தட்டுப்படின் அதனை எறிந்துவிடாதீர்கள்; ஊர்ப்பெயரை மாற்ற எவரேனும் முற்பட்டால் இசையாதீர்கள்.