நெல்லிக்கனி யாருக்கு?

(அனைத்துலக முதியோர் தினத்தையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் பக்தியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை வைப்பதைப் பற்றிப் பேச விழைகிறேன். முதுமை ஏன் வருகிறது என்று ஆராயவும், அதனோடு வரும் நோய்களைத் தள்ளிப்போடவும், நலமாக வாழும் ஆண்டுகளைக் கூட்டவும் பொதுப்பணம் ஒதுக்கப்பட வேண்டும். அதை நாம் வாய் திறந்து கேட்க வேண்டும். இதுவே என் பேச்சின் சாரம். எந்தக் கட்சியையும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் வயதாகத்தான் செய்கிறது.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் கதை உங்களுக்குத் தெரியும். ஏறுதற்கரிய மலைப்பிளவில் பழுத்த அரிய நெல்லிக்கனி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. உண்டவர் நெடுநாள் வாழ்வர் என்பது அதன் சிறப்பு. அதைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். கொடுக்கும்போது அதன் பயனைக்கூடச் சொல்லவில்லை. நாம் இக்கதையை வள்ளல் தன்மைக்குச் சான்றாகச் சொல்கிறோம். அது சரியே. ஆனால், அதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நீண்ட ஆயுளைத் தரும் பொருள் ஒன்று உண்டானால், அது யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும்? இன்று அந்தக் கேள்வி கதையை விட்டு வெளியே வந்துவிட்டது.

நம் வீட்டு நிலை

1957இல், நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், ஆண்களின் சராசரி ஆயுள் 55.8 ஆண்டு, பெண்களுக்கு 58.2 ஆண்டு. இன்று இருபாலருக்குமே அது 70ஐத் தாண்டிவிட்டது. 2030வாக்கில் மலேசியர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்பது கணிப்பு. மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று பெரிய இனங்களில் ஆண்களின் சராசரி ஆயுள் குறைவாக இருப்பது இந்தியர்களிடையேதான்.

காரணங்களுள் ஒன்றைச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். இனிப்புநீர் கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் வயதுக்கு முன்பே முதுமையடையச் செய்கிறது. தண்ணீர்மலை ஆலயத்தின் 513 படிகளில் தைப்பூசத்தன்று நின்று பாருங்கள். எழுபது வயதிலும் சிலர் முருகன் பெயரைச் சொல்லி ஏறிவிடுகிறார்கள். ஐம்பத்தைந்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடிவாரத்தில் அமர்ந்துவிடுவோரும் இருக்கிறார்கள். ஆயுளைக் கூட்ட வேண்டும் என்று நான் சொல்லும்போது, படுக்கையில் கிடக்கும் ஆண்டுகளைக் கூட்டச் சொல்லவில்லை. படியேறும் ஆண்டுகளைக் கூட்டச் சொல்கிறேன்.

புழுங்கல் அரிசி சொல்லும் பாடம்

"ஆராய்ச்சியெல்லாம் பணக்கார நாடுகளின் வேலை, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் மலாயாவின் வரலாறே அதற்கு விடை சொல்கிறது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பெரிபெரி என்னும் நோய் இங்கே ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்று இறந்துபோனார்கள். சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தபோது, தமிழ்த் தொழிலாளர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கூர்ந்து கவனித்தார். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. இந்த வேறுபாட்டை 1907இல் அவர் நூலாக எழுதி வெளியிட்டார். 1900ஆம் ஆண்டில் அரசாங்கப் பணத்தில் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. பெரிபெரி பச்சரிசி உண்டவர்களையே தாக்கியது. அதுவரை விதி என்றும் காற்று என்றும் சொல்லப்பட்ட ஒரு சாவுக்குக் காரணம் தவிட்டோடு போன சத்துதான் என்று பின்னர் உலகமே அறிந்தது.

நம் பாட்டன்மார் தோட்டங்களில் மலேரியாவுக்குப் பலியான கதையும் அப்படியே. 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழிக்க முனைந்தார். அதற்கும் அரசாங்கப் பணம்தான் செலவானது. அந்நாளில் காய்ச்சலில் சாவது எப்படித் தோட்டத்து மக்களுக்கு இயற்கையாகத் தோன்றியதோ, அப்படியே அறுபதில் தளர்வது இன்று நமக்கு இயற்கையாகத் தோன்றுகிறது. ஆராய்ந்து பார்த்த பிறகுதான் எது இயற்கை, எது நோய் என்று தெரியவரும்.

இன்று அறிந்தவை

சிதம்பரத்தில் பிறந்து, 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், நாம் ஏன் இறக்கிறோம் என்பதைப் பற்றியே 2024இல் ஒரு நூல் எழுதினார். முதுமை என்பது உயிரணுக்களில் சிறுகச் சிறுகச் சேரும் சேதம் என்று அவர் விளக்குகிறார். அதோடு, சாவையே வென்றுவிடலாம் என்று ஆரவாரம் செய்வோரை நம்பிவிடாதீர்கள் என்றும் எச்சரிக்கிறார். அந்த நிதானம் நமக்கும் வேண்டும். காயகற்பம் என்று பெயரிட்டுக் கடைகளில் விற்கப்படும் பொடிகளை வாங்கச் சொல்லி நான் இங்கு நிற்கவில்லை.

ஆனால், மெய்யான அறிகுறிகள் தென்படுகின்றன. 1964இல் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற ஒரு கனடியக் குழு அங்கிருந்து மண் எடுத்து வந்தது. அந்த மண்ணின் நுண்ணுயிரியிலிருந்து ராபமைசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தவர் சுரேந்திர நாத் சேகல் என்னும் இந்திய வம்சாவளி அறிஞர். ஆய்வு கைவிடப்பட்டபோது அதைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். அது பின்னர் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு மருந்தாயிற்று. 2009இல், அமெரிக்க அரசாங்கத்தின் செலவில் மூன்று ஆய்வுக்கூடங்கள் அதை வயதான எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தன. மனிதக் கணக்கில் அறுபது வயதை எட்டிய எலிகள்! அவையும் கூடுதல் காலம் வாழ்ந்தன. மனிதருக்கு அப்பலன் உண்டென்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. யாரும் தாமாக வாங்கி உண்ணக் கூடாது. மெய்ப்பிக்கத்தான் ஆராய்ச்சி வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, நம்மில் பலர் தினமும் விழுங்கும் மெட்ஃபோர்மின் மாத்திரை. இனிப்புநீருக்கு 1957 முதல் தரப்படும் மலிவான மருந்து. அது முதுமையின் நோய்களைத் தாமதப்படுத்துமா என்று ஏறத்தாழ 3,000 பேரிடம் சோதிக்க அமெரிக்க அறிஞர்கள் திட்டமிட்டார்கள். போதிய பணம் கிடைக்காமல் அத்திட்டம் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. காரணம் எளிது. காப்புரிமை முடிந்த மலிவு மருந்தில் எந்த நிறுவனத்துக்கும் இலாபமில்லை. மறுபக்கம், 2022இல் ஆல்டோஸ் லேப்ஸ் என்னும் ஒரே தனியார் நிறுவனம் 300 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டோடு உயிரணுக்களுக்கு இளமை திரும்பச் செய்யும் ஆய்வில் இறங்கியது. ஆக, கனியைத் தேடி மலையேறத் தொடங்கிவிட்டார்கள். பறிப்பவர் கையில்தான் கனி இருக்கும். எல்லாரும் அதியமானாக இருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியுமா?

நாம் கேட்க வேண்டியவை

கேட்டால் கிடைக்குமா என்ற ஐயம் எழலாம். 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியபோது, இந்தியாவில் அப்படியொரு துறையே இருந்ததில்லை. 2024இல் அதே சென்னையின் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. அமெரிக்கா முதுமை ஆராய்ச்சிக்கென்று தேசியக் கழகம் ஒன்றை 1974இலேயே சட்டத்தின் வழி அமைத்தது. ஜெர்மனியில் இந்த ஒரே கோரிக்கைக்காக 2015இல் ஒரு கட்சியே தொடங்கினார்கள். வாக்குகள் சொற்பம்தான். நமக்குக் கட்சி தேவையில்லை. மூன்று கோரிக்கைகள் போதும்.

முதலாவது, நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் முதுமை பற்றிய உயிரியல் ஆராய்ச்சிக்குத் தனி ஒதுக்கீடு. 2020இல் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாம் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 2030க்குள் 3.5 விழுக்காட்டை எட்டுவது அரசாங்கத்தின் இலக்கு. கூடும் பணத்தில் இதற்கும் ஒரு பங்கு கேட்போம். நம் தீவிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969 முதல் இருக்கிறது.

இரண்டாவது, இந்தியர்களையும் போதிய எண்ணிக்கையில் சேர்த்து நீண்டகால ஆய்வுகள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஆய்வில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர் சேர்ந்தார்கள். இத்தகைய ஆய்வுகள் பணமின்றி நின்றுவிடக் கூடாது. நம்மை அழைக்கும்போது நாமும் தயங்காமல் சேர வேண்டும்.

மூன்றாவது, பொதுப்பணத்தில் விளையும் மருந்து அரசாங்க மருத்துவமனைகளில் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். நம் நாடு இதைச் செய்து காட்டியிருக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்கான விலையுயர்ந்த மருந்தைக் குறைந்த விலையில் பெற 2017இல் அரசாங்கம் தன் உரிமையைப் பயன்படுத்தியது. 2021இல் நம் சுகாதார அமைச்சும் பங்கேற்று உருவாக்கிய ரவிடாஸ்விர் என்னும் புது மருந்து இங்கே பதிவு பெற்றது.

இரண்டு ஐயங்கள்

"பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கிழவர்களுக்குக் கொடுப்பதா?" பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தாத்தா பக்கவாதத்தில் விழுந்தால் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பவள் பேத்திதான். முதியோர் நலமாக நடமாடினால் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகும்.

"ஆயுள் ஆண்டவன் கணக்கு அல்லவா? நாம் குறுக்கிடலாமா?" மார்க்கண்டேயன் பதினாறு வயதோடு முடியவிருந்த ஆயுளைச் சிவபெருமானிடம் மன்றாடிப் பெற்றான். அந்தத் திருக்கடையூருக்குத்தான் இன்றும் அறுபதாம் கலியாணத்துக்கும் எண்பதாம் ஆண்டு சதாபிஷேகத்துக்கும் போகிறோம். நீண்ட ஆயுளை வேண்டுவது நம் சமயத்தில் குற்றமன்று. அதற்குச் சடங்கே வைத்திருக்கிறோம். கிடைத்த ஆயுளைத் தருமத்தில் செலவிடுகிறோமா என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும் கணக்கு.

அன்பர்களே! ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிதியமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. நம் ஆலயங்களும் சங்கங்களும் கூடி இம்மூன்று கோரிக்கைகளையும் ஒரே தாளில் எழுதி அனுப்பலாம். நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் திருவிழாவுக்கு வந்து மாலை பெற்றுக்கொள்ளும்போது, அந்தத் தாளையும் அவர்கள் கையில் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு வரும்போது என்ன ஆயிற்று என்று மரியாதையோடு கேட்கலாம். தேசிய மொழியில் கடிதம் எழுதித் தர இளைஞர்கள் முன்வந்தால், உடன் அமர்ந்து திருத்தித் தர நான் காத்திருக்கிறேன்.

இதன் பலன் என் வயதினருக்குக் கிட்டாமல் போகலாம். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டட்டும். எல்லாம் வல்ல முருகப்பெருமான் அனைவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் அருள்வானாக.