கேட்டது கால் பங்கு

(வாலாஜாபேட்டையில் சுருத பஞ்சமி விழாவை ஒட்டிக் கல்லூரி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுருத பஞ்சமி, மறதிக்கு அஞ்சிய ஒரு முதியவரை நினைக்கும் நாள். கிர்நார் மலையின் சந்திர குகையில் தவமிருந்த தரசேனாசாரியர், தாம் கற்ற ஆகமம் தம்மோடு அற்றுப்போய்விடுமோ என்று கலங்கினார். செவிவழியாகவே வந்த கல்வி அது. தலைமுறைதோறும் நினைவாற்றல் குன்றிவர, கல்வியும் சுருங்கிக்கொண்டே வந்தது. தென்னாட்டு முனிவர் சங்கத்துக்கு அவர் ஓலை அனுப்ப, இளந்துறவியர் இருவர் வந்து சேர்ந்தனர்.

வந்தவர்களுக்கு அவர் உடனே பாடம் சொல்லிவிடவில்லை. ஆளுக்கொரு மந்திரம் கொடுத்து, நோன்பிருந்து ஓதி வருமாறு பணித்தார். ஒரு மந்திரத்தில் ஓர் எழுத்து மிகை. மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறை. இருவரும் ஓதினர். ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும் மற்றவர்முன் ஒற்றைக் கண் தேவதையும் தோன்றின. தேவதைக்கு இது இயல்பான வடிவாக இராதே என்று இருவரும் ஐயுற்றனர். மந்திர இலக்கணத்தோடு ஒப்புநோக்கி மிகையை நீக்கினர், குறையை நிரப்பினர். மீண்டும் ஓதியபோது தேவதைகள் உரிய வடிவில் வந்தன. அதன் பின்னரே ஆசாரியர் பாடம் தொடங்கினார் என்கிறது தவளா உரை. அவ்விருவரே புட்பதந்தரும் பூதபலியும். பாடம் முடித்த பின் பூதபலியார் தமிழ்நாட்டுக்கு வந்தார் என்றும் அவ்வுரையே கூறுகிறது. சட்கண்டாகமம் ஏட்டில் ஏறிய வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

தரசேனர் வைத்தது நுழைவுத் தேர்வு என்றே கொள்ளலாம். கொடுத்ததைக் கொடுத்தபடி ஒப்பித்தவர் அதில் தேறியிருக்க முடியாது. எழுத்துப் பிழை இருப்பதைக் கண்டுகொள்ளும் அளவுக்குப் பொருள் விளங்கியவரே தேற முடியும்.

இந்தக் கதையைக் கல்லூரி மாணவர்முன் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாலாஜாவிலும் இராணிப்பேட்டை, ஆர்க்காடு, ஆரணிப் பக்கங்களிலும் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை, கல்லூரியில் முதல் செமஸ்டர் முடிவில் இரண்டு மூன்று தாள்களில் அரியர் வைத்துவிட்டு வந்து நிற்கிறது. வீடு திகைக்கிறது. நிலத்தை ஈடுவைத்துக் கட்டணம் கட்டிய தந்தை வாய் திறப்பதில்லை. தாயார் வல்லாரைக் கீரை சமைக்கிறார். உறவினர் ஞாபகசக்தி மருந்து ஒன்றைச் சிபாரிசு செய்கிறார். பிள்ளையோ தனக்கு மூளை இல்லை என்றே முடிவு கட்டிவிடுகிறது. படிப்பை நிறுத்திவிட்டுத் தோல் தொழிற்சாலைக்கோ செருப்புக் கம்பெனிக்கோ போய்விடலாம் என்ற எண்ணம் தோன்றும் வேளையும் இதுதான். வேலை இழிவன்று, ஆனால் பாடம் படிக்கும் முறை தெரியாத குறையால் ஒருவர் அங்குப் போக நேர்வது கொடுமை. வல்லாரை நல்ல கீரைதான். ஆனால் படிக்காத பாடத்தை எந்தக் கீரையாலும் நினைவூட்ட முடியாது.

பிள்ளையின் நினைவு திடீரெனக் கெட்டுவிடுவதில்லை. பள்ளியில் வினாவும் விடையும் கையேட்டில் அச்சாகி வந்தன. அவற்றை உருப்போட்டால் போதுமாயிருந்தது. கல்லூரியில் ஆங்கிலப் புத்தகம், நானூறு பக்கம். எது விடை என்று எவரும் கோடிட்டுத் தருவதில்லை. பழைய கருவி புதிய வேலைக்கு உதவவில்லை. அவ்வளவே.

இதற்கு மருந்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் சமண முனிவர் பவணந்தியார்; நூல் நன்னூல்; வேண்டியவன் கங்கர்குலச் சிற்றரசன் சீயகங்கன். (வாலாஜாவுக்கு வடமேற்கே மேல்பாடியை அடுத்த வள்ளிமலையில், பவணந்தியின் மாணாக்கர் தேவசேனரின் உருவம் பாறையில் செதுக்கப்பட்டு, கல்வெட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்தப் பவணந்தி வாணர் காலத்தவர். நன்னூலாருக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் முற்பட்டவர். பெயர் ஒன்றே என்பதால் இருவரையும் குழப்பிக்கொள்ளலாகாது. ஆயினும் ஆசிரியர் பெயரும் மாணவர் உருவமும் ஒரே பாறையில் நிற்பதைப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டலாம்.)

நன்னூலின் பொதுப்பாயிரத்தை இலக்கண வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதில் முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போன்றோர் முதல் வகை. மண்ணும் கிளியும் இடைப்பட்டவை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியன கடை. சொன்னதைச் சொல்லும் கிளிக்கு அவர் முதலிடம் தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. புல் கண்ட இடத்தில் மேய்ந்துவிட்டு, ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவுக்கே அது கிடைத்தது.

அதற்கும் மேலாக அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை நீங்கும். மும்முறை கேட்டால் முறையறிந்து எடுத்துச் சொல்லவும் வரும். ஆனால் ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் அது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பேசிப் பழகுவதால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பணம், டியூஷன், காணொளிப் பாடம் யாவும் சேர்ந்து முதல் கால் பங்கையே சுற்றிச் சுற்றி வருகின்றன என்றால் மிகையாகாது.

துறவி ஒருவர் இக்கணக்கைப் போட்டதில் வியப்பில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் சுவாத்யாயத்தை ஐந்தாக வகுக்கிறது: வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், பிழையறத் திரும்ப ஓதுதல், பிறர்க்கு உபதேசித்தல். ஐந்தில் வாசிப்பு ஒன்றே ஒன்று. தவத்தின் ஒரு பகுதியாக வைத்த இந்த ஒழுங்கையே பவணந்தியார் மாணவனின் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார் போலும்.

பிற்கால ஆய்வுகளும் இப்பக்கமே நிற்கின்றன. ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்து 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். மீண்டும் மனனம் செய்வதில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்குமேல் கரைந்திருந்தது. மறுநாள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. படித்தது மறப்பது நோயன்று, இயற்கை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் கல்லூரி மாணவரிடம் செய்த சோதனை இன்னும் நேரானது. ஒரு பகுதியைப் படித்தபின் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார்கள். மற்றொரு பகுதியை ஒருமுறை படித்தபின், மூடிவைத்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பின் கேட்டபோது, திரும்பப் படித்ததே வென்றது: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ முடிவு தலைகீழானது. திரும்பப் படித்ததில் 42, மூடிவைத்து எழுதியதில் 56. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரி பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது. தேர்வு மண்டபத்தில்தான் அந்த ஏமாற்றம் வெளிப்படுகிறது.

ஆகவே வாசிப்பதன் முறை மாற வேண்டும். ஒரு பாடத்தை எடுத்தவுடன் முதல் வரியில் இறங்கிவிடாமல், உட்தலைப்புகளையும் படங்களையும் இறுதிப் பத்தியையும் பார்த்துக்கொள்க. ஒவ்வோர் உட்தலைப்பையும் ஒரு கேள்வியாக்குக. அக்கேள்விக்கு விடை தேடியே அப்பகுதியைப் படிக்க வேண்டும். தெரியாத ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டினால் வாக்கியம் கைநழுவிப் போகும். பத்தி முடியும் வரை பொறுத்து, பொருளைத் தடுக்கும் சொற்களை மட்டும் பார்ப்பது நலம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில் வாய்விட்டுச் சொல்க. சொல்ல வராத இடமே விளங்காத இடம். தரசேனர் தந்த மந்திரத்தின் குறையெழுத்து அங்குதான் இருக்கிறது. தமிழில் தடையின்றி வந்தபின் அதையே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதலாம். அன்றிரவு ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை பாராமல் சொல்லிப் பார்த்தால் போதும். விடிய விடியக் கண்விழிப்பதால் பயனில்லை; படித்தது நிலைபெறுவதற்கு உறக்கமும் வேண்டும்.

பிறரிடம் சென்று கேட்க வெட்கப்படும் மாணவர்க்கு, ஒரு கல்லூரி ஆசிரியரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார் உ.வே.சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்; அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தலபுராணமுமாக அவர் கற்றவற்றின் பட்டியல் நீண்டது. அவ்வாண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், அப்பட்டியலைக் கேட்டு மகிழாமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. நூலின் படி ஒன்று கைக்கு வந்தது, பிரித்தால் விளங்கவில்லை. அத்தனை செய்யுள் நினைவில் இருந்தும், சமணர் வழக்கு அறியாதவருக்கு அந்நூல் வாயில் திறக்கவில்லை.

கும்பகோணத்திலேயே சமணர் வாழ்வதை அறிந்து, அவர் சந்திரநாத செட்டியாரின் வீட்டுக்குச் சென்றார். வீடு தோரணம் கட்டி விழாக்கோலம் பூண்டிருந்தது. என்ன விசேடம் என்று வினவியபோது, ஆறு மாதமாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது என்றார்கள். வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் அங்குக் கூடியிருந்தனர். வெளியே அரிய ஏடாகக் கருதப்பட்ட நூல், அந்த வீட்டில் பலர் அமர்ந்து வாசித்து, கேட்டு, ஐயம் தீர்த்துக்கொள்ளும் நூலாக இருந்தது. கல்லூரி ஆசிரியர் என்ற பெருமையைப் பாராட்டாமல், அவர் அங்கு அடிக்கடி போய்க் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். கேட்டதோடும் நிற்கவில்லை, முதலியாரோடு சேர்ந்து அந்நூலை வாசித்துப் பொருளும் சொல்லிவந்தார். 1887-இல் சீவகசிந்தாமணி அச்சில் வெளிவந்தது.

அந்த ஆறுமாத வாசிப்பு நடந்தது ஒரு வீட்டுக் கூடத்தில். நம் வீடுகளில் பலவற்றில் பொழுது சாயுமுன்பே உணவு முடிந்துவிடுகிறது. அதன்பின் உறங்கும்வரை உள்ள மூன்று மணி நேரத்தைத் தொலைக்காட்சியும் கைபேசியும் எடுத்துக்கொள்கின்றன. அதில் அரைமணி நேரம் கல்லூரிப் பிள்ளை தன் பாடத்தைத் தாயாருக்குச் சொல்லட்டும். தாயார் எட்டாம் வகுப்போடு நின்றவராக இருப்பின் இன்னும் நல்லது. அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டுமானால் பிள்ளைக்கு முதலில் விளங்கியாக வேண்டும். அவர், “அது ஏன் அப்படி?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஞாயிறுதோறும் ஜினாலய மண்டபத்தில் பூசை முடிந்தபின், அண்ணன்மாரும் அக்காமாரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்லலாம். அறிஞர் அண்ணா அரசு மகளிர் கலைக் கல்லூரி இவ்வூரிலேயே இருக்கிறது. அங்குப் பயிலும் பெண்கள் முதலில் முன்வரலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இலவச டியூஷன். சொல்லிக்கொடுப்பவர்களுக்கோ நன்னூலார் சொன்ன அரைப் பங்கு. பாய் விரிக்க இடமும் ஒரு கரும்பலகையும் இருந்தால் வரும் ஞாயிறே தொடங்கலாம்.