இரவுக் கணக்கு

 

நம் சங்கத்தின் 50ஆம் ஆண்டு விழாவில், வாழ்க்கையில் வெற்றி பெறுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் வந்த என் அத்தா, சேஞ்ச் அலியில் பணமாற்று வியாபாரம் செய்தார். ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணி, கணக்கு நேரான பிறகே கடையைப் பூட்டுவார். நாங்கள் ஊரில் இருந்தோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். அன்றைக்கு அவருக்கு வேறு வழியில்லை.

என் குடும்பமோ இங்கேயே இருந்தது. ஆனாலும் இரண்டாவது கடை திறந்தபின், பிள்ளைகள் உறங்கிய பிறகுதான் வீடு திரும்புவேன். ஒரு ரமலானில் என் மகள் தொலைபேசியில், "அத்தா, இன்னிக்காவது நோன்பு திறக்க வருவீங்களா?" என்று கேட்டாள். அன்றும் போகவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அடுத்த ஆண்டே அந்தக் கடையைக் கொடுத்துவிட்டேன். வருமானம் குறைந்தது. மஃரிபுக்கு வீட்டில் இருந்தேன். பரக்கத் குறையவில்லை.

இளைஞர்களே, நன்றாக உழையுங்கள், சம்பாதியுங்கள். இஷா தொழுதபின் ஒரு கணக்கும் பாருங்கள்: யாருக்காக உழைக்கிறேனோ, அவர்களோடு இன்று எவ்வளவு நேரம் இருந்தேன்? அந்தக் கணக்கு நேரானால் நிம்மதியாக உறக்கம் வரும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! வஸ்ஸலாம்.